ஏழுமலையின் மருந்துக்கு வேறு எடை

மகனே,

உன் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் எம்.எஸ்சி. என்று அச்சடித்திருக்கிறாய். நம் குடும்பத்தில் ஒருவர் பெயருக்குப் பின்னால் இப்படி எழுத்துகள் வந்தது அதுதான் முதல் தடவை. பாகூரில் கரும்பு வெட்டப் போன வீட்டிலிருந்து காலேஜுக்குப் போனவள் நான். ஐந்து வருஷமும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பதில் தெரிந்தாலும் கையைத் தூக்கியதில்லை. இன்றும் நாலு பேர் உள்ள அறையில் என் குரல் எனக்கே கேட்காது. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்துதான் என்னை இவ்வளவு சுலபமாகப் பயன்படுத்திக்கொண்டாய். நல்லவாட்டில் உன் இறால் குட்டைக்குக் காவல் இருந்த ஏழுமலைக்கு இனி எந்தக் குட்டையிலும் வேலை இல்லை, நல்ல பெயரும் இல்லை. இரண்டையும் எடுத்தது நீ சொன்ன ஒரு பொய். அந்தப் பொய்யை என்னிடமிருந்துதான் எடுத்தாய். எதில் தவறினாய் என்று உனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். என் வேலை என்ன என்று நீ ஒருநாளும் பொறுமையாகக் கேட்டதில்லை. இப்போது கேட்டுக்கொள்.

நீ பத்தாவது படிக்கும்போது ஒருமுறை சேதராப்பட்டில், ஏற்றுமதி இறாலைச் சோதிக்கும் எங்கள் லேப்புக்கு வந்திருக்கிறாய். ஆயுத பூஜை நாள். அன்று மட்டும் வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இயந்திரத்துக்குச் சந்தனம் பூசி, பொரியும் சுண்டலும் வைத்திருந்தோம். யாரோ கற்பூரம் ஏற்றப் போக, மேனேஜர் ஓடி வந்தார். "யோவ், பக்கத்துல பூரா கரைப்பான் வெச்சிருக்கு, எல்லாரும் ஒண்ணா சாமிகிட்ட போயிடலாம்னு பாக்கறியா?" என்று கத்தினார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு, "இது இன்னாம்மா பண்ணும்?" என்று கேட்டாய். "எடை போடும்" என்றேன். "அவ்ளோதானா? மளிகைக் கடையில கூடத்தான் தராசு இருக்குது" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அன்று நான் சொல்லாமல் விட்ட மீதி இது.

எடை போடுகிற இயந்திரம்தான். ஆனால் அது எடை போடுவது எந்தத் தட்டிலும் வைக்க முடியாத பொருளை. ஒரு பொருளின் மூலக்கூறு என்றால் எவ்வளவு சின்னது என்று நினைத்துப் பார்க்கக்கூட ஆகாது. அதனால் முதலில் அதற்கு மின்சாரம் ஏற்றுவோம். மாதிரியைத் திரவமாக்கி, முடியைப் போன்ற ஒரு ஊசி வழியாகத் தெளிப்போம். ஊசியில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும். தெளிக்கும் துளிகள் சூடான நைட்ரஜன் காற்றில் காய்ந்துபோகும். கடைசியில் மின்சாரம் ஏறிய மூலக்கூறு மட்டும் தனியாக நிற்கும். மின்சாரம் ஏறாத பொருளை யாரும் எங்கேயும் செலுத்த முடியாது. ஏறிவிட்டால் அது நாம் இழுத்த பக்கம் வரும். இயந்திரத்துக்குள் காற்றே இருக்காது. பம்புகள் ராப்பகலாக ஓடி அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காற்று இருந்தால் வழியில் எதன்மீதாவது மோதித் தொலைந்துவிடும் அல்லவா, அதற்காக. உள்ளே நான்கு உலோகக் கம்பிகள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும். அவற்றில் மின்சாரத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தால், நடுவில் வருகிற எல்லாம் இடமும் வலமும் ஆடும். கடலூர் ரோட்டில் வளைவில் வேகமாகத் திரும்பும் பஸ்ஸில் நிற்கிறவர்களைப் போல. நாம் கேட்ட எடையுள்ளது மட்டும் தாக்குப்பிடித்து மறுமுனைக்கு வரும். கனமானதும் லேசானதும் கம்பியில் மோதி அங்கேயே முடிந்துபோகும்.

ஆனால் எடை மட்டும் போதாது. ஒரே எடையில் இரண்டு வேறு பொருள்கள் இருக்கலாம். அதனால் அடுத்த அறையில் ஆர்கான் வாயுவை நிரப்பி வைத்து, தேர்ந்தெடுத்த மூலக்கூறை அதன்மீது மோதவிட்டு உடைப்போம். உடைந்த துண்டுகளை மறுபடியும் நான்கு கம்பிகளுக்கு நடுவில் விட்டு எடை பார்ப்போம். ஒவ்வொரு பொருளும் அதற்கே உரிய இடத்தில்தான் உடையும். இன்று உடைத்தாலும், அடுத்த வருஷம் உடைத்தாலும், நான் உடைத்தாலும், என்னைப் பிடிக்காதவன் உடைத்தாலும் அதே துண்டுகள்தான். இதைப் பார்க்கத்தான் இருபது வருஷமாக அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை அடித்தாலும் அடிக்கிறவனுக்குப் பிடித்ததை அது சொல்லாது. அது எதுவோ அதை மட்டுமே சொல்லும். மனிதர்கள் அப்படி இல்லை என்பதை உன் மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

இறாலுக்குக் கொடுக்கக் கூடாத மருந்துகளில் நைட்ரோபியூரான் என்று ஒரு குடும்பம் உண்டு. அதில் நாலு பேர். இறாலுக்கு நோய் வந்தால் அந்தப் பொடியைத் தீவனத்தில் கலந்து போட்டால் சட்டென்று நிற்கும். அறுவடைக்கு முன்னால் சில நாள் நிறுத்திவிட்டால் எதுவும் தெரியாது என்று பொடி விற்கிறவன் உன்னிடம் சொல்லியிருப்பான். பாதி உண்மை. மருந்து சீக்கிரமே போய்விடும். ஆனால் போகும்போது அதன் ஒரு துண்டு இறாலின் சதையைப் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் நிற்கும். நாங்கள் தேடுவது மருந்தை அல்ல, அந்தத் துண்டை. இறாலை அரைத்து, அமிலத்தில் ஊறவைத்து, துண்டைச் சதையிலிருந்து பிரிப்போம். அது மிகச் சின்னது. அதனால் அதனோடு வேறொரு பொருளைக் கட்டி எடையைக் கூட்டுவோம். உன் பொடியில் இருக்கும் மருந்தின் துண்டு அப்படிக் கட்டிய பிறகு 236 வரும். உடைத்தால் 134, 104. குடும்பத்தில் இன்னொரு ஆள் இருக்கிறார். தீக்காயத்துக்குப் போடுகிற மஞ்சள் களிம்பில் இருப்பவர். அவருடைய துண்டு 209. உடையும் விதமே வேறு.

இந்தக் களிம்பு விஷயத்தை உனக்குச் சொன்னது நான்தான். உனக்கு நினைவிருக்கும். எங்கள் லேப்பில் ஒரு பையன் கையில் அந்த மருந்தோடு இறாலைத் தொட்டு ஒரு நாள் வேலையைக் கெடுத்தான் என்று சாப்பிடும்போது சொன்னேன். நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கேட்கவில்லை என்று நினைத்தேன். கேட்டிருக்கிறாய். களிம்பும் நைட்ரோபியூரான்தான் என்பது வரைக்கும் கேட்டு, அதன் எடை வேறு என்பதற்குள் எழுந்து கை கழுவப் போய்விட்டாய்.

அந்தப் பேச்சு நடந்த வாரம் எனக்கு வந்த மாதிரிகளில் ஒன்றில் மட்டும் 236 பெரிதாக எழுந்து நின்றது. எங்களுக்கு வருவது வெறும் எண் போட்ட பொட்டலங்கள். யாருடைய குட்டை என்று தெரியாது. இரண்டாவது தடவை செய்து பார்த்தேன். அதேதான். முடிவைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். இரண்டு நாள் கழித்து நீ வந்து உட்கார்ந்து தோசை கேட்டாய். உன் சரக்கை ஏற்றுமதிக்காரர் எடுக்கவில்லை என்றும், உன் குட்டையால் அந்த வரிசையில் இருந்த எல்லாக் குட்டைகளின் சரக்கையும் நிறுத்திவிட்டார் என்றும் சொன்னாய். எனக்குத் தோசைக்கரண்டி கையிலேயே நின்றது.

"யார் போட்டது?" என்றேன்.

"நம்ம ஏழுமலதான். இன்ஜின் சைலன்சர்ல கைய சுட்டுக்கினான் இல்ல? மஞ்ச மருந்து போட்டுக்கினு அந்தக் கையால எறா புடிச்சிருக்கான். குட்டக்காரங்க எல்லாம் சேந்துட்டாங்க. ரெண்டு அடி போட்டாங்க, ஒத்துக்கிட்டான்."

"நீ?"

"நான் இன்னா பண்றது? அவன் தப்புதானே. இன்னொரு தோச போடும்மா, கொஞ்சம் முறுவலா."

முறுவலாகத்தான் போட்டேன். நீ நன்றாகச் சாப்பிட்டாய். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு உன் எதிரில் உட்கார்ந்து, 236 என்றும் 209 என்றும் சொன்னேன். ஏழுமலையின் கையிலிருந்து வந்திருந்தால் 209 வந்திருக்கும், அது துளிகூட இல்லை, வந்தது பொடி என்றேன். நீ பயப்படுவாய் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாய். அப்புறம் சிரித்தாய். "இந்த நம்பர் உனக்கும் உன் மெஷினுக்கும்தாம்மா புரியும். நல்லவாட்டுல எவனுக்குப் புரியும்? வாட்ச்மேனுக்காக என் கல்யாணத்த நிறுத்திடாத" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு போனாய். மறக்காமல் தட்டைக் கழுவியும் வைத்தாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. சாப்பிட்ட சுவடு இருக்கக் கூடாது.

கிளம்ப மனம் துணியாமல் சில வாரம் போனது; பிறகு ஏழுமலையைப் பார்க்கக் கிருமாம்பாக்கத்துக்குப் போனேன். ஹைவேயில் இறங்கி விசாரித்துக்கொண்டு நடந்தேன். ஏழுமலையின் வீட்டில் கூரைக்குக் கீழே ஒரு கட்டில். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். "உள்ள வராதீங்கம்மா, கை நாறுது" என்றார். வலது கை முழுக்கக் கட்டுப் போட்டிருந்தது. கட்டின் வடிவத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, உள்ளே இருக்க வேண்டியவை எல்லாம் இல்லை என்று. மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். அவருக்குச் சர்க்கரை வேறு.

எப்படி ஆனது என்று கேட்டேன். அவருடைய மனைவி சொன்னாள். குட்டையிலிருந்து அடிபட்டு வந்த அன்றே மஞ்சள் மருந்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டாராம். கையில் விஷம் ஏறிவிட்டது, பிள்ளைகளைத் தொடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். குட்டையைச் சுத்தம் செய்ய வைத்திருக்கும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, வெந்த கையை அதில் தினமும் கழுவியிருக்கிறார். குட்டை சுத்தமாகிறது என்றால் கையும் சுத்தமாகும் என்று நினைத்திருக்கிறார். புண் அழுகி, கை கறுத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது டாக்டர் கத்தினாராம்.

"என் கையால தம்பிக்கு இவ்ளோ நஷ்டம் ஆயிடுச்சிம்மா" என்றார் ஏழுமலை. "பாவம், கல்யாண நேரத்துல."

அவரிடம் சொன்னேன். எனக்கு அவ்வளவு நீளமாகப் பேசிப் பழக்கமில்லை, ஆனாலும் சொன்னேன். உங்கள் களிம்புக்கு ஒரு எடை, அந்தப் பொடிக்கு வேறு எடை, இறாலில் இருந்தது பொடி, உங்கள் கையில் ஒரு தப்பும் இல்லை என்று. அவர் கட்டுப் போட்ட கையைப் புரட்டிப் பார்த்தார்.

"அடி தாங்காமத்தானே ஒத்துக்கிட்டீங்க?" என்று நானே கேட்டேன்.

"இல்லம்மா" என்றார். "அடி இன்னா அடி. வாங்கிப் பழக்கம்தான். தம்பி வந்து சொன்னாரு, 'எங்க அம்மாவே லேப்புல பாத்து சொல்லிட்டாங்க ஏழுமல, உன் கை மருந்துதான்'னு. நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெசமாவே நம்பினேன்."

நம் வீட்டுத் தோசையை நீ சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், என் படிப்பு அந்த மனிதரின் கையைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. நீ என் பெயரைச் சொல்லியிருக்காவிட்டால் அவர் அடியை வாங்கிக்கொண்டு, உன்னைத் திட்டிக்கொண்டு, களிம்பைப் போட்டுக்கொண்டு குணமாகியிருப்பார். எம்.எஸ்சி. என்பதற்கு அவர் கொடுத்த மரியாதை மூன்று விரல்.

அவருடைய மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "வெட்டின வெரல எங்க போட்டாங்கன்னுகூட ஆஸ்பத்திரில சொல்லல. உங்க மெஷின்ல தேடினா கெடைக்குமா?" என்று கேட்டாள். அதட்டிக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். ஏழுமலை, "ஏய், சும்மா இருடி, வூடு தேடி வந்திருக்காங்க" என்றார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. என்ன செய்யட்டும் என்று கேட்டேன். பணம் தரட்டுமா என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார். "ஒரே ஒரு கைய வெச்சிக்கினு தீவனம் வீச முடியும்மா. காவல் இருக்க முடியும். ஆனா என்னப் பாத்தா கேட்டையே தொறக்க மாட்டேங்கறாங்க. குட்டக்காரங்க முன்னாடி தம்பி வந்து, 'ஏழுமல போடல'ன்னு ஒரு வார்த்த சொன்னா போதும். யாரு போட்டான்னு அவரு சொல்ல வேணாம்."

பார்த்தாயா, உன்னைக் காட்டிக்கொடுக்கக்கூட அவர் கேட்கவில்லை.

அங்கிருந்து நேராக வில்லியனூருக்கு, உன் மாமனார் ஆகப்போகிறவர் வீட்டுக்குப் போனேன். குட்டைக்காரர்களுக்கு அவர்தான் தலைவர். உன் குட்டையில் பாதிப் பங்கும் அவருடையது. அவரிடம் சொன்னால் ஏழுமலைக்குக் கதவு திறக்கும் என்று நினைத்தேன். 236 என்று ஆரம்பிக்கும்போதே கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியும் சம்பந்தியம்மா. பொடி வாங்கறதுக்கு வண்டி குடுத்ததே நான்தான்."

நான் எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க. குட்டக்காரங்க அத்தன பேரும் வாசல்ல வந்து நிக்கறானுங்க. யாரயாச்சும் காட்டணும். மாப்ளய காட்டறதா? ஏழுமல கையில மஞ்சளா இருந்துச்சி, அவனக் காட்டியாச்சி. கல்யாணம் முடியட்டும், நம்ம தோப்புல ஏதாச்சும் வேல போட்டுக் குடுக்கலாம். மூணு வெரல் இல்லாதவன் தேங்கா திருடக் கஷ்டப்படுவான், நமக்கும் நல்லது" என்று சொல்லிச் சிரித்தார். நான் போய்க் குட்டைக்காரர்களிடம் சொல்வேன் என்றேன். "தாராளமா சொல்லுங்க. நீங்க பேசினா முதல் வரிசைக்கே கேக்காது" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் போனேன். தீவனக் கடையில் கூடி நின்றவர்களிடம் சொன்னேன். பாதியில் ஒருவர், "இன்னாங்க, அம்மாவுக்கும் மகனுக்கும் சண்டையா? வூட்டுல பேசித் தீத்துக்கங்க" என்றார். சிரித்துவிட்டுத் தீவன மூட்டைக்குப் பேரம் பேசப் போய்விட்டார்கள். நீ சொன்னால் கேட்பார்கள். உன் குட்டை, உன் நஷ்டம், உன் வாய். அது ஒன்றுதான் அவருக்குக் கதவு.

வில்லியனூரில் நடந்ததில் ஒன்றை இன்னும் சொல்லவில்லை. உன் மாமனார் சிரித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அவள் காப்பி கொண்டு வந்தாள். நீ கட்டிக்கொள்ளப் போகிறவள். எவ்வளவு நேரமாக நிலைப்படிக்குப் பின்னால் நின்றாள் என்று தெரியாது. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "எந்தக் கை அத்த?" என்றாள். "வலது கை" என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான் என்று நினைத்தேன். மறுநாள் போன் செய்தாள்.

"அத்த, நிச்சயம் பண்ணதுலருந்து தெனமும் அவரு எங்கிட்ட பேசறாரு. இன்னா சாப்ட்டேன், இன்னா சட்ட எடுத்தேன்னு எல்லாம் சொல்றாரு. ஏழுமலண்ணனப் பத்தி மட்டும் ஒரு வார்த்த இல்ல. அவரா சொல்றாரான்னு பாக்கப் போறேன். மேடைக்கு வர்ற வரைக்கும் பாப்பேன். சொன்னாருன்னா நானே அவரக் கூட்டிக்கினு குட்டக்காரங்ககிட்ட போறேன். சொல்லலன்னா மேடைலருந்து எழுந்து போயிடுவேன். எங்கப்பா வெட்டினாலும் சரி. ஆனா நீங்க சொல்லிக் குடுத்துடாதீங்க அத்த. சொல்லிக் குடுத்தா அது அவரு சொன்னது ஆவாது."

சரி என்று சொல்லிவிட்டேன்.

அதனால் இந்தக் கடிதத்தை வெள்ளிக்கிழமை முகூர்த்த நேரம் தாண்டிய பிறகுதான் உன் கையில் கொடுக்கப்போகிறேன். நீ இதைப் படிக்கும்போது கல்யாணம் நடந்திருக்கும், இல்லை நின்றிருக்கும். எதுவென்று உனக்குத் தெரியும், இப்போது எழுதுகிற எனக்குத் தெரியாது. நீ அவளிடம் சொல்லியிருந்தால், ஏழுமலைக்குக் கேட் திறந்திருக்கும். அப்போது இந்தப் பக்கங்கள் உனக்கு வேண்டாம், கிழித்துப் போடு. சொல்லாமல் இருந்திருந்தால் ஒன்றை மட்டும் தெரிந்துகொள். உன் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லி உன்னைக் காப்பாற்றியிருக்க முடியும். சொல்லவில்லை. பெற்றவள் இப்படிச் செய்வாளா என்று நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும். உன்னை ஒருமுறை காப்பாற்றினால் நீ யாரென்று கடைசிவரை எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. தெரியாமலேயே அவள் உன்னோடு ஐம்பது வருஷம் இருக்க வேண்டியிருக்கும்.

மேலே உள்ள வரியை எழுதிக்கொண்டிருந்தபோது நீ அறை வாசலில் வந்து நின்றாய். வெளியே பந்தல்காரர்கள் மூங்கிலை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாம்மா எழுதிக்கினு இருக்க?"

"ஒண்ணும் இல்லடா."

நீ போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு, என்னமோ சொல்ல வருகிறவனைப் போல நின்றாய். நான் பேனாவை மூடிவிட்டு உன்னை நிமிர்ந்து பார்த்தேன். இருபத்துநாலு வருஷத்தில் உன்னை நான் இவ்வளவு நேரம் நேராகப் பார்த்தது இல்லை என்று நினைக்கிறேன்.

"அம்மா..."

"சொல்லுப்பா."

"என் வெள்ளச் சட்ட இஸ்திரிக்குப் போச்சா?"

"போயிடுச்சி" என்றேன்.